கொல்லையில் உருண்டைப் பூச்சி

வீட்டுக் கொல்லையில் நாலு காய்கறிச் செடி வைத்துப் பயிராக்குகிறவர்களுக்கு நேரும் மனக் கஷ்டங்கள் பல. அவற்றுள் ஒன்றைச் சென்ற ஆடி மாதம் நமது நண்பர் ஒருவரின் இல்லத்தில் நேரில் கண்டோம்.

நண்பரின் மனைவி கிணற்றடியை அடுத்துப் பாத்தி கட்டிக் காராமணியும் வெள்ளரியும் விதைத்திருந்தார். மண் உலர்ந்து போகாமல் இருப்பதற்காகப் பாத்தி முழுவதும் சருகையும் வைக்கோலையும் பரப்பி வைத்திருந்தார். இருபது விதைகளில் பதினேழு முளைத்தன. முளைத்த ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒன்பது நாற்றுக்கள் அடித்தண்டு கடியுண்டு சாய்ந்து கிடந்தன. வைக்கோலை விலக்கியதும், சாம்பல் நிறமான சிறு பூச்சிகள் நூற்றுக் கணக்கில் நாலாபக்கமும் ஓடின. விரல் பட்டவை சட்டென்று சுருண்டு, மிளகு மிளகாய் உருண்டு நின்றன.

நண்பருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. வேஷ்டியை இறுக்கிக் கட்டிக் கொண்டு பரண்மேல் ஏறினார். அங்கே அவருடைய தகப்பனார் காலத்துப் பூச்சி மருந்துத் தூள் டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குப் புறப்பட்டபோது, அவருடைய தாயார் நடையில் மறித்துக் கொண்டார்.

"ஏண்டா அப்பா! அந்தப் பூச்சி நம் எருக்குழியில் எத்தனை வருஷமாய் இருக்கிறது! அதுதானே சருகையெல்லாம் பொடி பண்ணுகிறது? அதைக் கொன்று விட்டால் அப்புறம் எருவுக்கு எங்கே போவாய்?" என்றார் அந்த மூதாட்டி.

"அதெல்லாம் சரி, அம்மா. ஒன்பது செடி போய் விட்டதே, அதற்கு யார் பதில் சொல்லுகிறது?" என்றார் மகன்.

இருவருக்கும் நடுவில் நின்ற அந்த வீட்டு மருமகள் நம்மைப் பார்த்து, "நீங்கள் பத்திரிகைக்காரர் ஆயிற்றே! நாலு புஸ்தகத்தைப் பார்த்து, யார் சொல்லுவது சரி என்று சொல்லுங்களேன்!" என்றார். டப்பாவை ஒரு வாரம் திறப்பதில்லை என்று நண்பரிடம் வாக்கு வாங்கிக் கொண்டு வீடு திரும்பினோம். அந்த வாரத்தில் படித்தும் விசாரித்தும் நாம் தெரிந்து கொண்டவை, தோட்டம் போடும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

கடலை விட்டு வந்த குலம்

இந்த ஜந்துவுக்கு ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர் சொல்லுகிறார்கள். இக்கட்டுரையில் உருண்டைப் பூச்சி என்றே அழைப்போம். ஆனால் உண்மையில் இது பூச்சியே அல்ல. பூச்சி இனத்துக்குக் கால்கள் ஆறு. இதற்கோ ஏழு ஜோடி, அதாவது பதினான்கு. பிராணி சாஸ்திரிகள் இதை இறால், நண்டு ஆகியவற்றின் குலத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் குலத்தில் பெரும்பாலானவை நீரிலேயே வாழ்ந்திருக்க, தரைக்கு வந்து நிலையாகக் குடியேறிய சில வகைகளுள் இது ஒன்று.

தரைக்கு வந்தும் பழைய வழக்கத்தை இது முழுவதும் விடவில்லை. பின்வயிற்றின் அடியில் உள்ள தகடு போன்ற உறுப்புக்களால் இது சுவாசிக்கிறது; அவை ஈரமாகவே இருக்க வேண்டும். பூச்சிகளின் மேல்தோலில் நீர் வெளியேறாமல் காக்கும் மெழுகுப் பூச்சு உண்டு. இதற்கு அது கிடையாது. ஆகையால் வெயிலும் காற்றும் பட்டால் உடம்பு சீக்கிரம் உலர்ந்து போகும். பகலெல்லாம் கல்லுக்கு அடியிலும் சருகுக்குள்ளும் பதுங்கியிருந்து, இரவில் வெளியே வருவதற்கு இதுவே காரணம். தொட்டால் உருண்டு கொள்வதும் எதிரிகளுக்குப் பயந்து மட்டுமல்ல. உடம்பின் ஈரத்தைக் காப்பாற்றிக் கொள்ளவும் அது உதவுகிறது.

பெண் தன் முட்டைகளை மண்ணில் இட்டு விட்டுப் போவதில்லை. வயிற்றின் அடியில் உள்ள ஒரு பையில் வைத்துச் சுமக்கிறது. அந்தப் பையில் நீர் நிறைந்திருக்கும். முட்டை பொரிந்து குஞ்சுகள் அங்கேயே சில காலம் தங்கி, பிறகு வெளிவருகின்றன. ஒரு தடவையில் பல டஜன் குஞ்சுகள் வரும். ஈரமும் மறைவும் உணவும் ஓரிடத்தில் சேர்ந்து கிடைத்தால், சில மாதங்களில் இவை எப்படிப் பெருகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

உலகத்தில் மிகவும் பரவியுள்ள உருண்டைப் பூச்சிக்கு ஆர்மடில்லிடியம் வல்கேர் என்று பெயர். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் அதன் பூர்வீகம். மனிதர் செடியும் மண்ணும் கொண்டுபோன இடங்களுக்கெல்லாம் கூடவே சென்று, இன்று அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களிலும் நிறைந்திருக்கிறது. நம் தேசத்திலும் உருண்டு கொள்ளும் வேறு சில இனங்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கோலிக் குண்டைப் போல உருண்டு கொள்ளும் ஒருவகை மரவட்டை உண்டு. உடம்பின் வளையம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கால்கள் இருப்பதால் அதை எளிதில் வேறுபடுத்தி அறியலாம். அதுவும் சருகு தின்னும் பிராணிதான். தோட்டக் கழிவுகளை அதைக் கொண்டு எருவாக்குவது பற்றி மங்களூர்ப் பல்கலைக் கழகத்தார் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். கொல்லையில் அதைக் கண்டால் ஒன்றும் செய்யாமல் விட்டு விடலாம்.

பாட்டியின் கட்சி

உருண்டைப் பூச்சியின் பிரதான உணவு உயிருள்ள செடி அல்ல. செத்து மக்கும் செடியே. உதிர்ந்த இலை, உளுத்த மரம், அவற்றின்மேல் படரும் பூஞ்சணம் ஆகியவற்றையே அது விரும்பித் தின்னுகிறது. தான் கழித்த மலத்தையும் மீண்டும் தின்பதுண்டு. நமக்கு இது அருவருப்பாய்த் தோன்றலாம். ஆனால் நம்முடைய இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் தாமிரம் செய்கிறது. உணவிலிருந்து கிடைக்கும் அற்பத் தாமிரத்தை வீணாக்காமல் காப்பதற்கு இந்த வழக்கம் உதவுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள்.

இதனால் தோட்டத்துக்கு என்ன லாபம்? ஒரு பெரிய இலை முழுதாகக் கிடந்தால் மக்குவதற்கு நெடுநாள் ஆகும். அதையே கடித்துக் குதறிச் சிறு துணுக்குகளாக்கி விட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு வேலை சுலபமாகிறது. அவை சருகிலுள்ள சத்துக்களைப் பிரித்து மண்ணில் சேர்க்கின்றன. வீட்டில் அரிசியை ஆட்டி மாவாக்கிக் கொடுப்பவர் ஒருவர், இட்டிலி வார்ப்பவர் வேறொருவர் என்பதுபோல, உருண்டைப் பூச்சி ஆட்டித் தருகிறது. நுண்ணுயிர்கள் சமைத்து முடிக்கின்றன. ஆகவே, எருக்குழியில் அது இருப்பது நல்லதே என்று பாட்டியம்மாள் சொன்னது முற்றிலும் சரி.

அதன் பெருமையைச் சிலர் மிகைப்படுத்தியும் பேசுகிறார்கள். ஈயம், காட்மியம் முதலிய கன உலோகங்களை அது மண்ணிலிருந்து அகற்றிச் சுத்தம் செய்கிறது என்பது அப்படிப்பட்ட ஒரு பேச்சு. அந்த உலோகங்கள் கலந்த உணவைத் தின்றும் அது பிழைத்திருப்பதும், அவற்றைத் தன் உடம்பில் ஓர் உறுப்பில் சேர்த்து வைத்துக் கொள்வதும் உண்மைதான். ஆனால் அது செத்தால் அவை மீண்டும் மண்ணுக்கே வந்து சேரும். நஞ்சு கலந்த மண் இந்தப் பூச்சியால் நல்ல மண் ஆகிவிடும் என்று நம்பிக் கீரை விதைக்க வேண்டாம்.

மகனின் கட்சி

நிற்க. ஒன்பது நாற்றுக்கள் போனதும் உண்மைதானே? அதற்கு என்ன சமாதானம்?

உருண்டைப் பூச்சியின் தாடைக்கு வலிமை குறைவு. முற்றிய தண்டையோ தடித்த இலையையோ அதனால் எளிதில் கடிக்க முடியாது. ஆனால் விதையிலிருந்து அப்பொழுதுதான் தலைநீட்டிய முளை, மக்கிய சருகைப் போலவே மெத்தென்று ஈரமாய் இருக்கிறது. கூட்டம் பெருகியிருக்கும் இடத்தில் அத்தகைய முளை கிடைத்தால் அதையும் தின்றுவிடும். மண்ணைத் தொட்டுக் கொண்டு கிடக்கும் வெள்ளரி, பூசணி முதலிய காய்களின் அடிப்பாகத்தையும், பழுத்து விழுந்த பழங்களையும் அரிக்கும்.

காராமணி, வெள்ளரி போன்றவற்றில் முளையின் குருத்து முதல் நாளிலேயே விதையிலைகளோடு மண்ணுக்கு மேலே வந்துவிடுகிறது. விதையிலைக்குக் கீழே தண்டு துண்டிக்கப்பட்டால், மறுபடி துளிர்ப்பதற்கு ஒரு மொட்டும் இல்லை. அந்த நாற்றுக்கு வாழ்வு முடிந்தது. சோளம், மக்காச்சோளம் முதலியவற்றின் குருத்தோ சில காலம் மண்ணுக்குள்ளேயே இருப்பதால், மேலே கடியுண்டாலும் பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். ஒரே பூச்சி ஒரு பாத்தியை அழித்து மற்றொரு பாத்தியை விட்டு வைத்ததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொல்லைப் பாத்தியில் நடந்த இந்தச் சங்கதி, அர்ஜென்டினா தேசத்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே பாம்பாஸ் என்னும் பரந்த சமவெளியில் மண் காற்றாலும் மழையாலும் அரித்துப் போவதைத் தடுக்க, உழாமலே விதைக்கும் முறை 1990-க்குப் பிறகு வேகமாய்ப் பரவிற்று. முன் பயிரின் தாளையும் தட்டையையும் நிலத்தின் மேலேயே விட்டுவிட்டு, அவற்றினூடே விதையை ஊன்றுவார்கள். மண் அரிப்புக் குறைந்தது, ஈரம் தங்கியது. ஆனால் அந்தத் தாள் மூட்டத்துக்கு அடியில் உருண்டைப் பூச்சியும் பெருகிற்று. கலப்பை குடியைக் கலைப்பதில்லை, வெயில் உள்ளே புகுவதில்லை, உணவுக்கும் குறைவில்லை. விளைவு என்னவெனில், சோயாவும் சூரியகாந்தியும் முளைக்கும் சமயத்தில் அவற்றின் நாற்றுக்களைப் பூச்சிகள் கடித்துச் சாய்க்கத் தொடங்கின. அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்துச் சோயா வயல்களிலும், ஆஸ்திரேலியாவில் கானோலா என்னும் எண்ணெய்க் கடுகு வயல்களிலும் இதே புகார் எழுந்தது.

மண்ணைக் காப்பதற்காகச் செய்த காரியம் தவறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சருகைத் தின்று மண்ணை வளர்க்கும் அதே ஜந்து, இளமுளையையும் சருகையும் ஒரே சமயத்தில் ஓரிடத்தில் வைத்தால் இரண்டையும் தின்னும் என்பதே அவர்கள் கற்ற பாடம். நண்பரின் மனைவி செய்ததும் அதுவே. மூட்டம் போட்டது பிழை அல்ல. முளைப்பதற்கு முன்பே போட்டதுதான் பிழை.

ஆகவே நமது தீர்ப்பு இதுதான்: ஒரு செடியின் ஆயுளில் முதல் இரண்டு மூன்று வாரங்கள் உருண்டைப் பூச்சி அதற்குச் சத்துருவாகலாம், தண்டு முற்றிய பிறகு பெரும்பாலும் மித்திரனே. காலம் அறிந்து நடந்து கொண்டால் போதும்.

விளக்கை எடுத்துக்கொண்டு

தண்டனை கொடுப்பதற்கு முன் குற்றவாளி யார் என்று தெரிந்து கொள்ள வேண்டாமா? வேறு யாரோ தின்ற துவாரத்தில் பகல் நேரத்தில் நிழலுக்காக ஒதுங்கியிருந்து அகப்பட்டுக் கொள்வது உருண்டைப் பூச்சியின் தலைவிதி. நத்தை தின்று விட்டுப் போயிருக்கும். வெட்டுப்புழு கடித்துவிட்டு மண்ணுக்குள் புதைந்திருக்கும். காலையில் நம் கண்ணில் படுவது இந்த அப்பாவிதான்.

அதனால் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு, நண்பரும் நாமும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பாத்தியைப் பார்க்கப் போனோம். குழந்தைகள் இரண்டும் பின்னாலேயே வந்து விட்டன. வெள்ளரி நாற்று ஒன்றில் நத்தை ஏறி இலையைத் தின்று கொண்டிருந்தது. அது போன வழியெல்லாம் வெள்ளிக் கம்பிபோல் கோழைக் கோடு மின்னிற்று. காராமணியின் விதையிலைகளிலோ உருண்டைப் பூச்சிகளே நாலைந்தாய் மொய்த்திருந்தன. மண்ணைக் கிளறியதில் வெட்டுப்புழு அகப்படவில்லை. குற்றவாளிகள் இருவர் என்று ஏற்பட்டது. வெறும் சந்தேகத்தின் பேரில் மருந்து தூவியிருந்தால் இது தெரிந்தே இராது.

பரண்மேல் இருந்த டப்பா

மறுநாள் அந்த டப்பாவின் மேலிருந்த சீட்டைத் துடைத்துப் படித்தோம். கார்பரில் என்று போட்டிருந்தது. நமக்குத் தூக்கி வாரிப் போட்டது.

1984-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 2-ந் தேதி இரவு போபால் நகரில் நடந்ததை இந்தியாவில் யார் மறக்க முடியும்? அன்று தொழிற்சாலையிலிருந்து கசிந்து, தூங்கிக் கொண்டிருந்த ஆயிரக் கணக்கான ஜனங்களைக் கொன்ற மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷ வாயு, இந்தக் கார்பரில் மருந்தைச் செய்வதற்காகச் சேமித்து வைக்கப்பட்டிருந்ததுதான். அமெரிக்காவில் உருண்டைப் பூச்சியைக் கொல்லத் தோட்டங்களில் இதை இரையில் கலந்து வைப்பது வழக்கமாய் இருந்து வந்திருக்கிறது. நம் தேசத்தில் 2018-ஆம் வருஷம் மத்திய அரசாங்கம் தடை செய்த பூச்சி மருந்துகளுள் கார்பரிலும் ஒன்று. ஆனால் தடை உத்தரவு ஒவ்வொரு வீட்டின் பரணிலும் ஏறிப் பார்ப்பதில்லை அல்லவா?

இந்தத் தூள் தேனீயைக் கொல்லும், மண்புழுவையும் கொல்லும். வெள்ளரிக்கும் பூசணிக்கும் புடலைக்கும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ முதலியவை மகரந்தம் கொண்டு வராவிட்டால் காய் பிடிக்காது. நாற்றைக் காப்பாற்றப் போய்க் காயை இழப்பது என்ன புத்திசாலித்தனம்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாத்தியின் ஓரத்தில்தான் அவ்வீட்டுக் குழந்தைகள் நாள்தோறும் மண்ணில் விளையாடுகின்றன. பாத்தியில் விளைவது பிற்பாடு சமையலறைக்குத்தான் போகப் போகிறது.

பழைய மருந்து டப்பா யார் வீட்டிலாவது இருந்தால், அதைச் சாக்கடையில் கொட்டவோ, எரிக்கவோ, மண்ணில் புதைக்கவோ வேண்டாம். குழந்தைகளுக்கு எட்டாதபடி மூடிக் கட்டி வைத்து, அபாயகரமான கழிவுகளைத் தனியே வாங்கிக் கொள்ளும் நகரசபை ஊழியரிடம் ஒப்படைப்பதே முறை.

செய்யத் தக்கவை

விஷமின்றிச் செய்யக் கூடியவை பல உண்டு. எல்லாம் வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்யலாம்.

முதலாவது, முளைக்கும் காலத்தில் பாத்தியை மூட்டமின்றி வெறுமையாக வைக்க வேண்டும். சருகு, செங்கல், பலகை ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். செடி நாலைந்து இலை விட்டுத் தண்டு முற்றிய பிறகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கோல் பரப்பலாம்.

இரண்டாவது, விதையை நேரே பாத்தியில் ஊன்றாமல், அடியில் துவாரமிட்ட கொட்டாங்கச்சியிலோ சிறு தொட்டியிலோ முளைக்க வைத்து, கொஞ்சம் வளர்ந்த பிறகு வேர் மண்ணோடு எடுத்து நடலாம்.

மூன்றாவது, தண்ணீரை மாலையில் விடாமல் காலையில் விட வேண்டும். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் உருண்டைப் பூச்சிக்கும் நத்தைக்கும் நடமாட்டம் குறையும்.

நான்காவது, பூச்சி மிகுதியாய் இருந்தால், இரவில் நனைந்த கோணிச் சாக்கையோ, பூசணித் தோலையோ, ஆரஞ்சுத் தோலையோ பாத்தியின் ஓரத்தில் கவிழ்த்து வைக்கலாம். விடிவதற்குள் அதன் அடியில் கூட்டமாய் வந்து ஒதுங்கியிருக்கும். அப்படியே எடுத்துப் போய் எருக்குழியில் உதற வேண்டியதுதான். நாலைந்து நாள் விடாமல் செய்தால் பாத்தியில் கூட்டம் குறையும். குழியில் வேலையாட்கள் கூடுவார்கள்.

ஐந்தாவது, மண்ணில் படியும் காய்க்கு அடியில் ஓர் ஓட்டுத் துண்டை வைத்தால் அது அரிபடாமல் தப்பும். தேரை, பல்லி, சிலந்தி ஆகியவை தோட்டத்தில் இருந்தால் விரட்ட வேண்டாம். அவை சம்பளமில்லாக் காவற்காரர்கள்.

ஆசிரியர் யார்?

எரு சம்பந்தமான இந்தப் பேச்சில் ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு என்பவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1905-ல் பூஸா நகரத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த அந்த ஆங்கிலேயர், பின்னர் இந்தூரில் தங்கி, சருகையும் சாணத்தையும் அடுக்கி மக்க வைக்கும் முறையை வகுத்தார். அவரும் யசுவந்த வாட் என்பவரும் சேர்ந்து 1931-ல் வெளியிட்ட நூலால் இந்தூர் முறை உலகெங்கும் பரவியது. கற்பிக்க வந்த அவர், நமது குடியானவர்களையும் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் தமக்கு ஆசிரியர்களாக மதித்தார். பூச்சி மிகுந்தால் அதைக் கொல்வதற்கு முன், நம் சாகுபடியில் பிழை எங்கே என்று அதனிடமே கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நண்பர் வீட்டிலும் அந்தப் பாடமே நடந்தது. மறு விதைப்பைக் கொட்டாங்கச்சிகளில் போட்டு, கிணற்றடித் திட்டின்மேல் வரிசையாய் வைத்தார்கள். நத்தைகளைக் குழந்தைகள் இரவில் பொறுக்கி எடுத்தார்கள். கோணிச் சாக்கைக் காலையில் எருக்குழியில் உதறுவது பாட்டியம்மாளின் பொறுப்பு. சென்ற வாரம் நாம் போயிருந்தபோது, பாத்தியில் ஒன்று தவறாமல் எல்லாம் படர்ந்திருந்தன. அடியில் வைக்கோலும் இருந்தது, வைக்கோலுக்கு அடியில் உருண்டைப் பூச்சியும் இருந்தது.

"இப்பொழுது அது எதைத் தின்னுகிறது?" என்று நண்பரைக் கேட்டோம்.

"அதன் வேலையை அது பார்க்கிறது" என்று சொல்லி, நாலு பிஞ்சு வெள்ளரிக்காயைப் பறித்து நம் கையில் கொடுத்தார்.